சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

1. சேர் போட்டு உட்கார்ந்த நாள்

ரோட்டு வேலையில் முப்பது வருசத்துக்கு மேல் இருந்தேன். ஜல்லி கொட்டினேன், தார்ச் சட்டி தூக்கினேன், சிறுபாலங்களில் அடைப்பு எடுத்தேன். எல்லாம் குனிந்து செய்கிற வேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு அந்த வேலை ஒத்துப்போனது. நிமிர்ந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று கொரோனாவுக்கு இரண்டு வருசம் முந்தி வந்தது. கேங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

பெருநகர் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிளை ரோடு பிரிந்து செய்யாற்றுக்குப் போகும். ஆற்றில் ஒரு தரைப்பாலம். அதைத் தாண்டினால் மூன்று சின்ன ஊர்கள். மூன்றையும் சேர்த்து நாங்கள் அக்கரை என்போம். ஆற்றில் தண்ணீர் வந்தால் தரைப்பாலம் முழுகிவிடும். அப்புறம் அக்கரைக்காரர்கள் உத்திரமேரூருக்கு வர வேண்டுமானால் பெரிய பாலம் வழியாகச் சுற்றி, மெயின் ரோட்டைப் பிடித்து வரவேண்டும். இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

அந்த இடத்தில் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு பாலம் கட்டலாமா என்று பார்க்கத்தான் வண்டி எண்ணுகிற வேலை வந்தது. டிராஃபிக் சென்சஸ் என்பார்கள். எங்கள் ஆர்.ஐ., அதாவது ரோடு இன்ஸ்பெக்டர், என்னைக் கூப்பிட்டார்.

"கன்னிம்மா, நீ அஞ்சாவது படிச்சிக்கீற இல்ல? கோடு போட வருமா?"

"வரும் சார்."

"அப்ப ஏழு நாளைக்கு உனக்குக் கூடையும் வாணாம், மம்மட்டியும் வாணாம். சேர்ல குந்திக்கினு வண்டிய எண்ணு. ராணியக் கூட வெச்சிக்க. அவ சத்தம் போட்டுச் சொல்லுவா, நீ எழுது."

ராணி என் கேங்குக்காரி. என்னைவிட பத்து வயசு சின்னவள். அக்கரையிலிருந்துதான் தினமும் வேலைக்கு வருவாள். புருசன் இல்லை, செல்வி என்று ஒரே பெண். எனக்கும் சேர்த்து ராணியே பேசிவிடுவாள். கேங்கில் எனக்குப் பத்து வருசம் வாயாக இருந்தவள் அவள்தான்.

பிளாஸ்டிக் சேர் வந்ததும், "யக்கா, கலெக்டரு கணக்கா சேர் குட்த்துக்கீறாங்க. கால் மேல கால் போட்டுக் குந்து" என்றாள். நான் நுனியில் உட்கார்ந்தேன்.

தரைப்பாலம் தொடங்குகிற இடத்தில் ஆர்.ஐ. ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டினா ஒரு வண்டி. தாண்டலன்னா இல்ல. ஓடுற வண்டி மட்டும் போடு. நிக்கிற வண்டி, தள்ளிக்கினு போற வண்டி, அதெல்லாம் போட்டு வெக்காத. மேல கேப்பாங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் மனசில் வாங்கிக்கொண்டேன்.

2. மனிதனுக்குக் கட்டம் இல்லை

ஷீட்டில் கட்டம் கட்டமாக இருக்கும். டூ வீலர், ஆட்டோ, கார், வேன், மினி பஸ், பஸ், லாரி, டிராக்டர் டிரெய்லருடன், டிராக்டர் டிரெய்லர் இல்லாமல், சைக்கிள், மாட்டு வண்டி. போகிற பக்கத்துக்கு ஒரு ஷீட், வருகிற பக்கத்துக்கு ஒரு ஷீட். வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்ட பிறகு ஐந்தாவதை அவற்றின் மேல் சாய்த்துப் போட வேண்டும். கட்டு கட்டாகத் தெரியும், கூட்டச் சுலபம். ஷீட்டின் அடியில் ரிமார்க்ஸ் என்று அகலமாக ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஆம்பிளைகள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஓட்டுகிறவர் பக்கம் கண்ணைத் தூக்காமல் டயரைப் பார்த்தே எழுதினேன். அரை நாளில் டயர் போகிற சத்தத்திலேயே இன்ன வண்டி என்று தெரிந்துவிட்டது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன்.

பத்து மணிக்கு ஏ.ஈ. வந்தார். அசிஸ்டென்ட் இன்ஜினியர். சின்ன வயசு, தெற்கத்திப் பக்கம், மரியாதையாகப் பேசுவார்.

ராணி கேட்டாள். "இதெல்லாம் எண்ணி இன்னா சார் பண்ணுவீங்க?"

"எல்லாத்தையும் காரா மாத்திடுவோம்மா. லாரின்னா மூணு கார். ரெண்டு பைக் சேர்ந்தா ஒரு கார். கூட்டிப் பார்த்தா இந்த ரோட்டுல எவ்வளவு ஓட்டம்னு தெரிஞ்சிரும்."

"மனுசன் எத்தினி காரு சார்?"

அவர் சிரித்துவிட்டார். "நடந்து போறவங்களுக்கு இதுல கட்டம் இல்லம்மா. அவங்களால ரோடு தேயாது."

"ஆமா, செருப்புதான் தேயுது" என்று ராணி என் பக்கம் திரும்பிச் சொன்னாள். ஏ.ஈ. காதில் விழுந்ததோ என்னவோ, அவர் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு இடத்தில் வண்டி அதிகமாக ஓடினால் அங்கே தொழில் நடக்கிறது, பணம் புழங்குகிறது என்று அர்த்தமாம். அப்படிப்பட்ட இடத்தில் ரோடு போட்டால்தான் போட்ட செலவுக்குப் பலனாம்.

"வண்டி வந்தா ஊரு முன்னேறுமா சார், ஊரு முன்னேறினா வண்டி வருமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ரெண்டும் இல்லாதவன் இன்னா பண்றது?"

அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

அந்த முதல் நாள் நன்றாகவே வண்டி போனது. பைக்குகள், பால் வண்டி, டிராக்டர், காலையும் சாயந்திரமும் மினி பஸ். ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன் அக்கரைக்குள் போய்த் திரும்பி வந்தது. செல்வி அந்த வேனில்தான் போவாள். வேன் கோட்டைத் தாண்டும்போது ராணி, "வருது பாரு, என் வூட்டு காரு" என்றாள். நான் வேன் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

3. தள்ளுகிற வண்டி

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனபோது தரைப்பாலம் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் பெய்த மழை இறங்கி வந்திருந்தது. முழங்கால் அளவு தண்ணீர், செம்மண் நிறத்தில். அந்தப் பக்கமிருந்து ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ராணியும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

"நான் இப்ப கோட்டத் தாண்டினேன் பாத்தியா. போட்டியாக்கா ஒரு கோடு?" என்று கேட்டுப் புடவையைப் பிழிந்தாள்.

கம்பெனி வேன் இந்தக் கரை வரைக்கும் வந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்கு நாலு அடி முன்னால் நின்று ஹாரன் அடித்தது. செல்வியோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் செருப்பைக் கையிலும் யூனிஃபார்ம் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து ஏறினார்கள். வேன் திரும்பிப் போய்விட்டது. கோட்டைத் தாண்டவில்லை. நான் எழுதவில்லை.

பைக்குக்காரர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே தண்ணீரைக் கடந்தார்கள். சைலன்சரில் தண்ணீர் போனால் வண்டி போச்சு. தள்ளுகிற வண்டியைப் போடாதே என்று ஆர்.ஐ. சொல்லியிருந்தார். நான் போடவில்லை. அவர் சொன்னது பஞ்சர் ஒட்டத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியை. அது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு உத்தரவு உத்தரவுதான்.

பக்கத்து மரத்தடியில் நின்ற ஆர்.ஐ.யிடம் ராணி கேட்டாள். "சார், தண்ணி வடிஞ்சப்பறம் எண்ணினா இன்னா?"

"தேதி மேலருந்து வந்தது. எல்லா ஊர்லயும் இதே ஏழு நாளு. நம்ம ஆத்துக்காவ நிறுத்துவாங்களா? பேஜார் பண்ணாத ராணி."

அப்படியே ஆறு நாள் போயிற்று. டூ வீலர் பூஜ்யம். வேன் பூஜ்யம். மினி பஸ் பூஜ்யம். நடுவில் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர். அப்போது மனிதர்கள்கூடக் கடக்கவில்லை. அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் பெரிய பாலத்தைச் சுற்றி மெயின் ரோட்டில் போனார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன். நடந்து கடந்தவர்களுக்கு ஒரு வரிசை. தள்ளிக் கடந்த பைக்குக்கு ஒரு வரிசை. இந்தக் கரைவரை வந்து திரும்பிய வண்டிக்கு ஒரு வரிசை. அந்தக் கரையில் நின்று திரும்பிய ஆட்களுக்கு ஒரு வரிசை. முன்பக்கம் வெள்ளையாக இருந்தது. பின்பக்கம் நிரம்பிவிட்டது.

ராணி ஷீட்டை வாங்கி ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"யக்கா, இத அந்த ஏ.ஈ. சாராண்ட நீதான் காட்டணும். நான் சொன்னா வாயாடி, எதனா சொல்லுவான்னு வுட்டுடுவாங்க. வாயே தொறக்காத நீ சொன்னின்னா, அதுல இன்னாவோ கீதுன்னு கேப்பாங்க. சொல்றியா?"

"சொல்றேன்."

"மறந்துடாத. செல்விக்கு அந்தப் பாலம் வந்தாதான் வேலை. வேன்காரன் இப்பவே மொணவுறான்."

4. "ஒண்ணுமில்ல சார்"

ஏழாம் நாள் சாயந்திரம் ஏ.ஈ. வந்தார். ராணி வேண்டுமென்றே தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று தள்ளிப் போய்விட்டாள். எனக்கு வழி விட்டாள்.

அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து செல்போனில் போட்டோ எடுத்தார். முன்பக்கம் மட்டும். எடுத்ததை அங்கிருந்தே அனுப்பினார். நான் இரண்டு அடி தூரத்தில் நின்றேன். கையெழுத்து கோணலாக இருக்குமே, பின்பக்கம் கிறுக்கியதற்குத் திட்டுவாரோ என்றெல்லாம் ஓடியது.

அவரே கேட்டார். இதைச் சொல்ல வேண்டும், குற்றம் அவர் மேல் இல்லை. என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா, எதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சார்."

"சரி. ஷீட்டெல்லாம் ஆபீஸ் பீரோவுல வெச்சிருங்க."

ஜீப் போன பிறகு ராணி ஓடி வந்தாள். "சொல்ட்டியாக்கா?"

நான், "ம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு எழுத்து. ராணி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அடுத்த நாளே அக்கரை முழுக்க, எங்க கன்னிம்மா அக்கா இன்ஜினியராண்டயே பேசிட்டா என்று சொல்லிவிட்டாள்.

5. ஏழால் வகுத்தது

ஆறு மாதம் கழித்து டீக்கடையில் ஆர்.ஐ. சாதாரணமாகச் சொன்னார். "அக்கரைப் பாலத்த வுட்டுட்டாங்க. ஓட்டமே இல்லியாம். அந்தக் காச மெயின் ரோட்டுக்குப் போட்டுட்டாங்க. அங்க ஓட்டம் எக்கச்சக்கமாம்."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். எப்படி என்று யோசித்தேன். ஐந்தாம் வகுப்பில் படித்த வகுத்தல்தான். ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுப்பார்கள். முதல் நாள் ஓடிய வண்டியை ஆறு பூஜ்யத்தோடு சேர்த்து வகுத்தால் என்ன மிஞ்சும்? அதே ஏழு நாளில் மெயின் ரோட்டிலும் ஆட்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்காகச் சுற்றிப் போன அக்கரை வண்டியெல்லாம் அங்கே கோடாக விழுந்திருக்கிறது. பெட்ரோலும் நேரமும் போட்டுச் சுற்றியவர்கள் அக்கரைக்காரர்கள். முன்னேறுகிற இடம் என்று பேர் வாங்கியது மெயின் ரோடு.

மெயின் ரோட்டை அகலப்படுத்தினார்கள். நானும் ராணியும் அதற்கு ஜல்லி கொட்டினோம். ரோடு வந்ததும் மனை போட்டார்கள், ஓட்டல் வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது. வண்டி இன்னும் அதிகமாயிற்று. ஏ.ஈ. சொன்னது அங்கே அப்படியே நடந்தது.

அக்கரையில் மாறி நடந்தது. குழியில் டயர் கிழிகிறது என்று மினி பஸ் நின்றுபோனது. பஸ் இல்லாததால் வீட்டுக்கு ஒரு பைக், தவணையில். நடந்து போன ஜனங்கள் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதையும் முன்னேற்றம் என்றுதான் சொல்வார்கள். சம்பாதிப்பதில் ஒரு பங்கு டேங்கில் போனது எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் காத்திருந்தால் நேரமாகிறது என்று கம்பெனி வேன் அந்த ஸ்டாப்பையே எடுத்துவிட்டது. செல்வியும் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். மழைக் காலத்தில் விடியுமுன் கிளம்பிச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து வேன் பிடிப்பாள். லேட்டான நாள்கள் கூடிப்போய் ஒரு நாள், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ சொல்லியும் கேக்கல பாரு, பாவிங்க" என்று மட்டும் சொன்னாள். நான் குனிந்து ஜல்லியை இழுத்தேன்.

6. டிராக்டர், டிரெய்லருடன்

அதற்கடுத்த மழைக் காலம். மெயின் ரோட்டில் அக்கரைச் சுற்று ரோடு வந்து சேருகிற முனையில் ஓரக் கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ராணி மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை. தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் ஒன்று வந்து முனையில் நின்றது. டிரைவர் இறங்கி சுற்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கு என்று கேங்கில் ஒருவர் கேட்டார்.

"நெஞ்சு வலியாம். ஆத்தாண்ட போனேன், தண்ணி கண்டமேனிக்கு போவுது. டிராக்டர்ல சுத்திக் கொண்டாறாங்களாம்."

முக்கால் மணி நேரம் கழித்து சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. பெரிய டயர், பின்னால் டிரெய்லரின் இரண்டு சின்ன டயர், ஆற்றுச் சேறு ஒட்டியது. என் மனசு தானாகவே ஒரு கோடு போட்டது. டிராக்டர், டிரெய்லருடன், ஒன்று.

அப்புறம்தான் செல்வியின் குரல் கேட்டது.

டிரெய்லரில் வைக்கோல் போட்டு ராணியைப் படுக்க வைத்திருந்தார்கள். தலை செல்வியின் மடியில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர் ஏறிக் கையைப் பிடித்துப் பார்த்தார், அவள் இமையை விலக்கிப் பார்த்தார், இறங்கினார். "எப்ப பேச்சு நின்னுது?" என்று கேட்டார். குழி ரோட்டில் வரும்போது முனகிக்கொண்டே வந்தாள், மெயின் ரோட்டுக்கு ஏறியபோது சத்தம் இல்லை என்றார்கள். அங்கே குலுக்கல் இல்லை. நாங்கள் போட்ட ரோடு.

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. டிராக்டர் வந்த வழியே இருபது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போயிற்று.

7. கடைசிக் கட்டம்

போன வருசம் மறுபடி வண்டி எண்ணச் சொன்னார்கள். அதே இடம், புது ஏ.ஈ. நான் வேலையை விடப்போகிற கடைசி மாதம். ஆர்.ஐ. சார் கேட்குமுன் நானே போய், நான் குந்தறேன் சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்த முறையும் நாலாம் நாள் தண்ணீர் வந்தது. ரிமார்க்ஸ் கட்டத்தில் என் கோணல் எழுத்தில் எழுதினேன். "தரைப்பாலம் மேல் தண்ணீர். வண்டி இல்லை. ஆட்கள் இரண்டு கரையிலும் நிற்கிறார்கள்." தண்ணீர் வடிகிறவரை ஒவ்வொரு ஷீட்டிலும் அதையே எழுதினேன். பீரோவில் கிடந்த பழைய ஷீட்டுகளைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். ஏ.ஈ. வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். என் கை ஆடியதில் காகிதம் சத்தம் போட்டது.

"சார், இது முன்ன எண்ணினது. அப்ப நான் சொல்லல. தண்ணி இருந்தது சார். வண்டி இல்லாம இல்ல. போவ முடியல."

அவர் எல்லாவற்றையும் படித்தார். பின்பக்கமும் போட்டோ எடுத்தார். "எழுதி அனுப்பறேம்மா. என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்றார். என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தரைப்பாலம் அப்படியேதான் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த அன்று செல்வி ஸ்கூட்டியில் வந்தாள். இப்போது உத்திரமேரூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவளை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு ஏ.ஈ. கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை என்று. அவள் அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று.

செல்வி ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றாள்.

"தெரியும் பெரிம்மா. அம்மாவுக்கும் தெரியும். நீ 'ம்'முன்னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சாம். நெஜமா பேசியிருந்தா உனக்குக் கை கால் ஆடியிருக்கும், நீ நல்லாதான் நின்னுக்கினு இருந்தியாம்."

"அப்பறம் ஏன் ஊரெல்லாம் சொன்னா?"

"நம்மளுக்காவ யாரோ ஒருத்தர் கேட்டாங்கன்னு ஜனங்க நெனச்சிக்கினா தப்பில்லன்னுச்சி. அப்பறம், நீ அவமானப்படக் கூடாதாம்."

அவள் வண்டியை எடுத்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். டூ வீலர் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

பிள்ளைகளே, வண்டி எண்ணும்போது டயரைப் பார்த்தால் போதாது. ஏன் வரவில்லை என்பதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அடியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். எழுத்து கோணலாக இருந்தாலும் அதை நிரப்புங்கள். எதாவது சொல்லணுமா என்று ஒருவர் கேட்டால், கை ஆடினாலும் சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வி என்னிடம் ஒரே ஒரு முறைதான் வந்தது.